காப்பித் தோட்டத்துக்கே பரிசோதனை வரட்டும்!

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், டவுன் ஜனம் கார் எடுத்துக்கிட்டு மேலே ஏறுகிறது. ஏரியில் படகு, கரையில் மிளகாய் பஜ்ஜி, சாயங்காலம் இறக்கம். இறங்கும்போது ஒரு பேச்சு: "மலைக்காரங்களுக்கு என்னப்பா! நல்ல காத்து, சாமைச் சோறு... நோய் நொடி அண்டாது!"

அண்டாதா?

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோயில் இன்று முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். 2022-ம் ஆண்டில் மட்டும் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பேருக்குப் புதிதாக வந்தது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அதே ஆண்டில் இறந்தவர்கள் சுமார் 98 ஆயிரம். டவுனில் அதிகம், கிராமத்தில் குறைவு. உண்மைதான். ஆனால் குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமா?

சோற்றுக்கு என்ன பங்கு?

சேர்வராயன் மலையின் மலையாளி ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டது சாமை, கேழ்வரகு, தினை. உடம்புக்கு நல்லது. ஆனால் சாமை தின்றால் புற்றுநோய் வராது என்று யாரும் நிரூபிக்கவில்லை.

நிரூபணம் ஆன சங்கதி வேறு. மாதவிலக்கு நின்ற பிறகு உடம்பு பெருத்தால் ஆபத்து கூடும். மது, கொஞ்சமாகக் குடித்தாலும் கூட்டும். நடையும் உடலுழைப்பும் குறைக்கும். தாய்ப்பால் கொடுப்பதும் குறைக்கும். 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்து 2002-ல் வெளியான கணக்கு இது: 12 மாதம் பால் கொடுத்தால் ஆபத்து 4 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைகிறது. காப்பி? பயமே வேண்டாம், காப்பியால் இந்த நோய் வருவதில்லை.

இப்படிப் பார்த்தால், கல்லாவில் நாள் முழுக்க உட்காரும் டவுன் அம்மாவைவிடச் சரிவில் ஏறி இறங்கிக் காப்பிப் பழம் பறிக்கும் அம்மாவுக்கு ஆபத்து குறைவுதான். ஆனால் வயதையும் பரம்பரையையும் எந்தச் சோறும் மாற்றாது. ஒழுங்காகச் சாப்பிட்டு, ஓடியாடி உழைத்தவளுக்கும் வருகிறது. நோய் வந்தவளைப் பார்த்து "என்னத்தைத் தின்னே?" என்று கேட்பது பெரும் பாவம்!

கூலி போகுமே!

அவளுக்கு உண்மையான எதிரி தாமதம். ஆரம்பத்தில் கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலி இல்லை, வேலையும் கெடவில்லை, வெட்கம் வேறு. சேலம் பெரியாஸ்பத்திரிக்கு இறங்கினால் ஒரு நாள் கூலி போச்சு. "பறிப்பு முடியட்டும், பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போடுவாள். நவம்பர் வாக்கில் தொடங்கும் பறிப்பு ஓய பிப்ரவரி ஆகும். கட்டி காத்திருக்குமா?

வழி இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. பாதிப் பேருக்கு 2 ஆண்டுக்கு ஒரு முறை மார்பகப் பரிசோதனை. செய்தது பெரிய டாக்டர் அல்ல, பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர். கருவியும் இல்லை, கைதான். 2021-ல் முடிவு வெளியானது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் இந்த நோயால் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது!

மும்பையில் முடிந்தது சேர்வராயன் மலையில் முடியாதா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலுக்கே போகிறது. அதே போல, காப்பித் தோட்டத்தில் காலையில் ஆள் பதிவு எடுக்கும் இடத்துக்கே பயிற்சி பெற்ற பெண் ஊழியர் போகட்டும். ஒரு மறைப்பு, ஒரு பெஞ்சு போதும். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலை முழுக்கக் கூடுமே, அங்கேயும் ஒரு கொட்டகை போடலாம்.

"வேலை கெடுமே" என்று தோட்டக்காரர் சொல்லலாம். ஆளுக்குச் சில நிமிடம்தான். அதற்குக் கூலி பிடிக்கக் கூடாது. சந்தேகம் உள்ளவரைச் சேலத்துக்கு அழைத்துப் போகும் பொறுப்பை அரசு ஏற்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டு பஸ் காசுக்குத் தவிக்க விட்டால் என்ன லாபம்?

டவுன்காரருக்கும் ஒரு வார்த்தை. கட்டி எல்லாம் புற்று அல்ல. பெரும்பாலானவை சாதாரணக் கட்டிதான். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். பக்கத்து வீட்டு அக்கா அல்ல!