இன்னும் நாலு திரெட் போடு!

நிரல் மெதுவாக ஓடுகிறதா? இன்னும் நாலு திரெட் போடு. கல்லூரி ஆய்வகத்திலும் மென்பொருள் அலுவலகத்திலும் காதில் விழுகிற யோசனை இது. நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகளான திரெட்டுகள் கூடினால் எப்போதும் வேகம் கூடும் என்ற இந்த நம்பிக்கை தவறு. தவறான விடைகளை ஓசையில்லாமல் பெருக்குவதும் இதுதான்.

பழனி மலைத்தொடரிலேயே ஓர் உதாரணம் பார்ப்போம். 1899இல் அமைந்த கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்துவருகிறார்கள். பழைய கண்ணாடித் தகடுகள் கணினிக்குள் வந்துவிட்டன. அவற்றில் சூரியப் புள்ளிகளை எண்ண ஒரு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். திரெட்டுக்கென்றே அமைந்த வேலை. ஒரு நாள் படத்துக்கு மறுநாள் படத்தின் தயவு வேண்டாம். ஆனாலும் படத்துக்கொரு திரெட் என்று ஆயிரக்கணக்கில் கிளப்பினால் நிரல் திணறும். எட்டு கோர் (செயலிக் கரு) கொண்ட கணினியில் ஒரே கணத்தில் ஓடுவது எட்டோ பதினாறோதான். மற்றவற்றை மாற்றி மாற்றி ஏற்றி இறக்குவதிலேயே நேரம் கரைந்துவிடும்.

எனக்கு ஆத்திரம் வருவது, ஒரு திரெட் முடியும்வரை காத்திருக்கச் செய்யும் ஜாயினில். உருவாக்கச் சொல்லித்தருகிறவர்கள் காத்திருக்கச் சொல்லித்தருவதில்லை. மாணவர் நிரலைத் திறந்தால், லூப்புக்குள் ஒரு வரியில் திரெட்டை உருவாக்கி, அடுத்த வரியிலேயே ஜாயின். முதல் திரெட் முடிந்த பிறகுதான் இரண்டாவது பிறக்கும். பெயருக்கு எட்டு, ஓடுவது ஒன்று! ஒரு லூப்பில் எல்லாவற்றையும் உருவாக்கி, இன்னொரு லூப்பில் ஜாயின் செய்ய வேண்டும்.

சிலர் ஜாயினையே விட்டுவிடுகிறார்கள். சி மொழியில் மெயின் திரும்பியதும் முழு நிரலும் முடிந்துபோகும். பாதி எண்ணிய திரெட்டுகள் அப்படியே மடியும், பிழைச்செய்தியும் வராது. சி பிளஸ் பிளஸில் ஜாயினும் செய்யாமல், டிடாச் செய்து தனியே ஓடவும் விடாத திரெட் பொருள் அழிந்தால் நிரலே நிறுத்தப்படும். அந்தக் கண்டிப்பு எவ்வளவோ மேல். கொடைக்கானல் மலைக் கிராமமான கூக்காலில் பூண்டு பிடுங்க எத்தனை பேர் இறங்கினாலும் கடைசி மூட்டை ஏறாமல் லாரி கிளம்புமா?

வேலையைப் பிரித்து வேகம் கூட்டுவதற்கான வரம்பை 1967இலேயே கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் காட்டிவிட்டார். வேலையில் பத்தில் ஒரு பங்கைப் பிரிக்க முடியாதென்றால், கோர் எத்தனை இருந்தாலும் பத்து மடங்குக்கு மேல் வேகம் வராது. அந்த ஒரு பங்கு எங்கே இருக்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள். பிறகு கோர்களின் எண்ணிக்கைக்குத் திரெட்டுகளை உருவாக்கிப் படங்களைப் பங்கிட்டுக் கொடுங்கள். ஒவ்வொரு திரெட்டும் தன் கணக்கைத் தனியே வைத்திருக்கட்டும். எல்லாம் ஜாயின் ஆன பிறகு கூட்டிக்கொள்ளலாம்.