சம்பளம் ஒருவரிடம், பொறுப்பு யாரிடம்?

நம் குடும்பங்களில் சட்டம் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் கறுப்பு அங்கி அணிந்து நீதிமன்றம் செல்வதில்லை. மியூச்சுவல் ஃபண்ட் எனப்படும் பரஸ்பர நிதி நிறுவனங்களில் மாதச் சம்பளத்துக்குச் சட்ட ஆலோசகர்களாகச் சேருவோரும் உண்டு. ஒப்பந்தங்களைச் சரிபார்ப்பதும், செபியின் சுற்றறிக்கைகளைப் படித்து "இதைச் செய்யலாம், இதைச் செய்யக்கூடாது" என்று மேலாளர்களிடம் சொல்வதுமே இவர்கள் பணி. இவர்கள் பெயர் செய்தித்தாளில் வருவதில்லை. ஆனால் நாம் மாதந்தோறும் சேமிக்கும் ஐந்நூறும் ஆயிரமும் இவர்கள் எழுதும் ஒரு வரியைச் சார்ந்திருக்கக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 2020 ஏப்ரல் 23 அன்று, கொரோனா ஊரடங்கின் நடுவே, பிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் தன் 6 கடன் திட்டங்களை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. 25,000 கோடி ரூபாய்க்கு மேல் முடங்கியது. மகளின் திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் சேமித்தவர்கள் பணத்தை எடுக்க முடியாமல் தவித்தார்கள்.

அப்போது எழுந்தது ஒரு சட்டக் கேள்வி. தேவை என்று அறங்காவலர்கள் கருதினால் திட்டத்தை முடிக்கலாம் என்றது செபியின் 1996-ஆம் ஆண்டு விதிகளில் ஒன்று. முதலீட்டாளர்களின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்றது மற்றொன்று. ஒப்புதல் கட்டாயம் என்று 2020 அக்டோபரில் கர்நாடக உயர் நீதிமன்றம் கூறியது. டிசம்பரில் வாக்கெடுப்பு நடந்து, பெரும்பான்மையோர் இசைந்தனர். 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் ஒப்புதல் தேவை என்பதை உறுதிசெய்தது. பணம் தவணை தவணையாகத் திரும்பியது. பணத்துக்கு உரியவரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பதே இதன் சாரம்.

இத்தகைய கேள்வி முதலில் வந்து சேரும் இடம் நிறுவனத்தின் சட்டப் பிரிவு. சம்பளம் தருவது நிறுவனம். பணமோ எளிய மக்களுடையது. அந்த ஆலோசகர் யாருக்குப் பொறுப்பு?

முழுநேரச் சம்பளம் பெறுபவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக்கூடாது என்பது இந்திய வழக்கறிஞர் கழகத்தின் 49-ஆம் விதி. இதன் தொடர்ச்சியாக, 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கியது. கட்சிக்காரருக்கும் வழக்கறிஞருக்கும் இடையே நடக்கும் உரையாடலைக் காக்கும் சாட்சியச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு, நிறுவனத்தின் ஊழியராக இருக்கும் ஆலோசகருக்குப் பொருந்தாது என்பதே அது. முதலாளியைச் சார்ந்து வாழ்பவரிடம் வழக்கறிஞருக்குரிய முழுச் சுதந்திரம் இருப்பதில்லை என்று நீதிமன்றம் கருதியது.

இதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. தவற்றை மறைக்க 'சட்ட ஆலோசனை' என்ற திரை இனி எளிதில் உதவாது. அதே வேளையில், எழுதியது நாளை விசாரணையில் வெளிவரும் என்று அஞ்சி, எச்சரிக்கையை எழுதாமலே விட்டுவிடும் வழக்கமும் வளரலாம். எழுதப்படாத எச்சரிக்கையால் யாருக்கு என்ன பயன்?

ஆகவே தனி மனிதரின் துணிவை மட்டும் நம்பியிருப்பது போதாது. விதிமீறலைக் கண்டால் நேரடியாகச் செபிக்குத் தெரிவிக்கும் கடமையை 1996-ஆம் ஆண்டு விதிகள் இணக்க அதிகாரிக்குத் தந்திருந்தன. அறங்காவலர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்கவேண்டும் என்றும் அவை கூறின. மேலாளர் கேட்க மறுத்தால், சட்ட ஆலோசகர் அந்த அறங்காவலர்களின் கதவைத் தட்ட முடியவேண்டும். அதற்காக அவர் வேலை பறிபோகக்கூடாது.

நமக்கும் இதில் பங்குண்டு. வேலைக்குச் செல்லும் பிள்ளையிடம் "எவ்வளவு சம்பளம்?" என்று கேட்கும் நாம், "கூடாது என்று சொல்ல அங்கே இடம் இருக்கிறதா?" என்றும் கேட்போம். முதலீட்டாளர்களுக்கு வரும் அறிவிப்பைக் குப்பையில் போடாமல் படிப்போம்; வாக்களிக்கச் சொன்னால் வாக்களிப்போம். உரியவர்கள் விழித்திருந்தால், மனச்சான்றோடு உண்மையைச் சொல்பவருக்கும் துணிவு வரும்.