பெயர் அறியா மாத்திரை

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என நீண்டு, தெற்கே வல்லம் வடகால், ஒரகடம் வரை பரந்துள்ளது தமிழ்நாட்டின் பெரும் தொழில் மண்டலம். மகிழுந்துகளும் கைப்பேசிகளும் இங்கு இரவு பகலாக உருவாகின்றன. இயந்திரம் ஓயாத இடத்தில் மனிதருக்கும் ஓய்வு அரிதாகிவிடுகிறது. தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால், வேலைக்குச் செல்லும் வழியில் மருந்துக்கடை முன் நின்று, "காய்ச்சலுக்கு ஒரு செட் கொடுங்கள்" என்று கேட்பது இங்கு மட்டுமன்றி, நம் ஊர்கள் பலவற்றிலும் வழக்கமாகிவிட்டது. நான்கைந்து அட்டைகளிலிருந்து வெட்டிய மாத்திரைகள் ஒரு காகித உறையில் வந்து சேர்கின்றன. அவற்றுள் வலிநிவாரணி இருக்கும். சளி மாத்திரை இருக்கும். சில வேளைகளில் ஆன்டிபயாடிக் எனப்படும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தும் இருக்கும். எது எது என்பதை உண்பவர் அறியார். இந்த அறியாமையே பெரிய இடர் என்பது என் கருத்து.

இரண்டு மருந்து, இரண்டு வேலை

வலிநிவாரணியையும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தையும் சேர்த்து உண்ணலாமா? உண்ணலாம், ஆனால், எதனோடு எதைச் சேர்க்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். பாராசிட்டமால் காய்ச்சலையும் வலியையும் தணிக்கும். கிருமியை அது தொடாது. அமாக்சிசிலின் பாக்டீரியாவை அழிக்கும். சாதாரணச் சளிக்குக் காரணமான வைரசிடம் அது செல்லாது. இவ்விரண்டையும் மருத்துவர் ஒரே சீட்டில் எழுதுவது இயல்பு. சிப்ரோஃபிளாக்சசினோடு இபுபுரூஃபன் சேரும்போதோ அரிதாக வலிப்பு தோன்றக்கூடும். வலிப்பு நோய் உள்ளவர்க்கு அவ்வாய்ப்பு மிகுதி. டெங்குக் காய்ச்சல் என்று அறியாமல் இபுபுரூஃபனோ ஆஸ்பிரினோ உண்டால் இரத்தக்கசிவு இடர் கூடும். ஆகவே, "வலி மாத்திரைதானே" என்று எளிதாகக் கருதுதல் ஆகாது.

ஒரே மருந்து இரண்டு பெயர்களில் உடலுக்குள் செல்வதும் உண்டு. சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் கலந்துள்ளது. அதனோடு தனிப் பாராசிட்டமாலும் உண்பவர் அளவு மீறுவதை உணர்வதில்லை. நலமுள்ள பெரியவர் ஒருவர்க்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம். 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு உண்டால் 3.9 கிராம் ஆகிவிடும். அதற்குமேல் சேரும் ஒவ்வொன்றும் கல்லீரலின் மீது ஏற்றும் சுமை.

வலி அடங்கியதும் நோய் தீர்ந்தது என எண்ணுவது மற்றொரு பிழை. காய்ச்சலைத் தணித்தது வலிநிவாரணியாக இருக்கலாம். கிருமி இன்னும் உள்ளே இருக்கலாம். ஒரு வேளை, இரு வேளையோடு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தை நிறுத்தினால், எஞ்சிய கிருமிகள் அம்மருந்தைத் தாங்கும் ஆற்றல் பெற வழி பிறக்கும். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945ஆம் ஆண்டு தம் நோபல் உரையிலேயே இவ்விடரை எச்சரித்தார். இந்தியாவில் இவ்விடரை எதிர்கொள்வதற்கான செயல்திட்டம் ஒன்று 2012இல் சென்னையில் கூடிய மருத்துவ வல்லுநர்களால் வகுக்கப்பட்டு, 'சென்னைப் பிரகடனம்' என்றே பெயர் பெற்றது.

அட்டை சொல்லும் செய்தி

முதன்மையான நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் சில, 2014 மார்ச் முதல் 'ஹெச் 1' என்னும் அட்டவணையின்கீழ் வந்தன. மருத்துவர் சீட்டின்றி அவற்றை விற்கக் கூடாது. நோயாளியின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் காக்க வேண்டும். மருத்துவர் அறிவுரையின்றி உண்ணக் கூடாத மருந்தை மக்கள் அட்டையைப் பார்த்தே அறிவதற்காக, 2016இல் நடுவண் அரசு 'சிவப்புக் கோடு' விழிப்புணர்வு இயக்கத்தைத் தொடங்கியது. வெட்டிய மாத்திரையில் அக்கோடும் இல்லை, பெயரும் இல்லை, காலாவதி நாளும் இல்லை.

அச்சிட்ட எழுத்தின் மதிப்பை 2025 அக்டோபரில் நாடே கண்டது. சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஆலை ஒன்றில் தயாரான 'கோல்ட்ரிஃப்' சளி மருந்தைக் குடித்த குழந்தைகள், மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வில், எஸ்.ஆர். 13 என்னும் தொகுதி மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு 48.6 விழுக்காடு இருந்தது தெரியவந்தது. புட்டியின் மேலிருந்த எழுத்து அக்குழந்தைகளைக் காக்கவில்லை. ஆயினும், நஞ்சு எந்த ஆலையின் எந்தத் தொகுதியில் இருந்தது என்பதைக் காட்டியது அவ்வெழுத்தே. பெயரற்ற காகித உறையில் தீங்கு நேர்ந்தால் எதைக் கொண்டு தேடுவது?

மாத்திரை ஓய்வுக்கு மாற்றாகுமா?

"மருத்துவமனைக்குச் சென்றால் அன்றைய கூலி போகுமே" என்பது தொழிலாளர் கூற்று. அதில் நியாயம் உண்டு. அதனால்தான் இதனைத் தனிமனிதரின் கவனக்குறைவாக மட்டும் காண்பது முறையன்று. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948இலேயே இயற்றப்பட்டது. உரிய காலம் சந்தா செலுத்திய தொழிலாளர், மருத்துவச் சான்றுடன் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காட்டைப் பெறலாம். நோயுற்றவர்க்கு ஓய்வு கருணையன்று, உரிமை. அவ்வுரிமையைப் பயன்படுத்தத் தயங்கும் நிலையை மாற்றும் கடமை, வேலை தருவோர்க்கும் உண்டு.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் ஆகிய நால்வகையும் கூடியதே மருத்துவம் என்கிறது. காகித உறையில் இந்நான்கில் மருத்துவர் இல்லை. மருந்தும் பெயரின்றி இருக்கிறது.

மாணவர்களே, பல இல்லங்களில் மருந்து அட்டையின் ஆங்கில எழுத்தைப் படிக்க வல்லவர் நீங்களே. பெற்றோர்க்கும், மொழி அறியாது அடுத்த அறையில் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்க்கும் அதைப் படித்துச் சொல்லுங்கள். இம்மாத்திரையின் பெயர் என்ன? எதற்காக? முன்பே உண்ணும் மருந்தோடு சேருமா? இம்மூன்று வினாக்களை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள். விடை கிடைக்கும்வரை மாத்திரை கையிலேயே இருக்கட்டும்.