சேம அச்சும் சிறுதொழிலும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், மரக்காணத்தை நெருங்கும்போது சாலையோரத்தில் வெண்ணிறக் குவியல்கள் வரிசையாய் நிற்கக் காண்பர். கடலும் கழியும் கலந்து கிடக்கும் அந்நெய்தல் நிலத்தில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் பரப்பில் உப்பளங்கள் விரிந்துள்ளன. சிறுபாணாற்றுப்படை நல்லியக்கோடனின் எயிற்பட்டினத்தைப் பாடுகிறது. அப்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து. இலக்கியம் பயில்வோர்க்கு இவ்வூர் ஒரு பாடம். தொழில் செய்வோர்க்கும் அஃது ஒரு பாடமாகும் என்பதே நாம் இங்குக் கூற விழைவது.

உப்பு வணிகம் செய்த உமணரைச் சங்கப் புலவர் பலர் பாடியுள்ளனர். அவருள் ஔவையார் கூறும் உவமை நம் நெஞ்சை விட்டு அகலாதது. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புகழும் அவர், உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிவைத்திருக்கும் சேம அச்சுக்கு அவனை ஒப்பிடுகிறார் (புறநானூறு 102). நெடுவழியில் அச்சு முறியக்கூடும் என்பதை, அது முறியும் முன்னரே எண்ணி, மற்றோர் அச்சையும் உடன்கொண்டு சென்றவர் உமணர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு சிறு வணிகனின் பழக்கம், ஓர் அரசிளங்குமரனின் தலைமைக்கு உவமையாயிற்று. தலைமை என்பது மேடையில் முழங்கும் முழக்கமன்று. நல்ல நாளில் தீய நாளுக்காகச் செய்துவைக்கும் ஆயத்தம் என்பதை இவ்வுவமை நமக்கு உணர்த்துகிறது.

இன்று தலைமைப் பண்பு குறித்த நூல்களுக்கும் பயிற்சி வகுப்புகளுக்கும் பஞ்சமில்லை. தன்னம்பிக்கை வேண்டும், பெரிதாகக் கனவு காண வேண்டும் என்று அவை கூறுகின்றன. அவை வேண்டியனவே. ஆயினும், சில ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பத்துப் பதினைந்து பேரை வைத்து வேலை வாங்கும் ஒரு சிறு உப்பள உரிமையாளரை உயர்த்துவன வேறு சில. நம் மாணவர்களுடன் ஒருமுறை அவ்வுப்பளங்களைக் கண்டுவரச் சென்றபோது நாம் உணர்ந்தவற்றைக் கூறுகிறோம்.

முதலாவது, தொழிலின் அருகே நிற்கும் பழக்கம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அந்நீர் பாத்தி பாத்தியாக மாறி, வெயிலில் வற்றி, பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போதுதான் சமையல் உப்பு படியத் தொடங்கும். பௌமே அளவுகோலில் அஃது ஏறத்தாழ 25 டிகிரி. அதற்கு முன்னர்ச் சுண்ணாம்புச் சத்துகள் படிந்துவிடும். பின்னர் எஞ்சும் கசப்பு நீரை உரிய நேரத்தில் வடித்துவிடாவிட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து, விளைந்த உப்பும் கசக்கும், ஈரமும் கசியும். நேற்றைய வெயில் வேறு, இன்றைய காற்று வேறு. ஆகவே, நாள்தோறும் பாத்தியருகே நின்று நீரைப் பார்ப்பவரே எப்போது நீர் பாய்ச்சுவது, எப்போது வாருவது, எப்போது வடிப்பது என்பதை அறிவார். காலமறிதலைத் தனி அதிகாரமாக வகுத்த வள்ளுவரின் நுட்பம் உப்பளத்தில் நன்கு விளங்கும்.

இரண்டாவது, கணக்கெழுதும் பழக்கம். வீட்டுப் பணமும் தொழிற் பணமும் ஒரே பையில் கிடப்பது சிறு தொழில்கள் பலவற்றின் நோய். கோடையில் விளைச்சல் குவியும்போது கையில் புரளும் பணமெல்லாம் இலாபம் என்று தோன்றும். குத்தகையும் கூலியும் எண்ணெய்ச் செலவும் வரப்புப் பழுதும் அதனுள் மறைந்திருக்கும். மழை தொடங்கியதும் உண்மை வெளிப்படும். அப்போது வணிகரிடம் முன்பணம் பெற நேரும். முன்பணம் பெற்றவர் அடுத்த ஆண்டு உப்பை அவ்வணிகர் கூறும் விலைக்கே கொடுக்க வேண்டிவரும். எழுதப்படாத கணக்கு இவ்வாறு விலை கூறும் உரிமையையே பறித்துவிடுகிறது. நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றில் அன்றாட வரவுசெலவை எழுதிவந்த உரிமையாளர் ஒருவரை நாம் கண்டோம். பள்ளிப் படிப்பை முடிக்காதவர் அவர். அடுத்த மழைக்காலத்திற்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டபோது, ஏட்டைத் திருப்பாமலே தொகையைச் சொன்னார்.

மூன்றாவது, பிறருடைய மழைக்காலத்தையும் தம் கணக்கில் சேர்க்கும் பழக்கம். இதுவே தலையாயது. தையில் பாத்திகளைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தும் பணி தொடங்குகிறது. புரட்டாசிக்குப் பின் வடகிழக்குப் பருவமழை வந்ததும் வேலை நின்றுவிடுகிறது. பாத்தியில் நீர் நிறைந்திருக்கும் அத்திங்கள்களில் தொழிலாளர் வீட்டு அடுப்பு எரிவது எங்ஙனம்? தமிழக அரசு 2022ஆம் ஆண்டு முதல் உப்பளத் தொழிலாளர்க்கு மழைக்கால நிவாரணமாக ரூ.5,000 வழங்கத் தொடங்கியது வரவேற்கத்தக்கது. எனினும் அத்தொகை ஒரு குடும்பத்தின் சில திங்கள்களைத் தாங்காது. பருவத்தில் சிறிதளவைத் தொழிலாளர் பெயரால் ஒதுக்கிவைத்து மழையில் கொடுத்துதவும் உரிமையாளரிடம் தைத் திங்களில் ஆட்கள் தாமாகவே திரும்பி வருகின்றனர். ஏனையோர் ஆள் தேடி அலைகின்றனர். உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்க வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. வியர்வையும் உப்பும் ஒன்றாய் வழியும் அம்மண்ணில் நின்று எண்ணும்போது அவ்வுரையின் ஆழம் மேலும் புலப்படுகிறது.

நான்காவது, இடர் வந்தபோது முன் நிற்கும் பழக்கம். 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. 2020 நவம்பரில் நிவர் புயலும், 2024 நவம்பர் 30ஆம் நாள் பெஞ்சல் புயலும் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது இப்பகுதி பெருமழையில் மிதந்தது. குவித்துவைத்த உப்பு கரையும்போது ஓராண்டு உழைப்பும் உடன் கரைகிறது. அந்நேரத்தில் வானத்தையும் வேலையாட்களையும் பழிப்பவர் ஒருவகையினர். குவியலைக் கீற்றாலும் தார்ப்பாயாலும் மூட முன்னரே பொருள் சேர்த்து, மழைக்குமுன் தாமும் ஆட்களோடு நின்று மூடுபவர் மற்றொரு வகையினர். இழப்பு இருவர்க்கும் உண்டு; ஆனால், மீண்டும் தொடங்கும் வலிமை பின்னவர்க்கே மிகுதி.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். உப்பின் விலையைச் சிறு உரிமையாளரா முடிவு செய்கிறார்? குத்தகையும் கடன் வட்டியும் அவர் கையிலா உள்ளன? மிச்சமே இல்லாதவரை ஒதுக்கிவை என்று கூறுவது பொருந்துமா? இவ்வையம் நியாயமானது. நற்பழக்கங்கள் நல்ல விலைக்கு ஈடாகமாட்டா. குறைந்த வட்டிக் கடனும், மழை நனைக்காத கிடங்கும், கூட்டாக விற்கும் அமைப்பும் அவர்களுக்கு வேண்டும். சமுதாயப் பெரியோர் அவற்றிற்காகக் குரல் கொடுக்கவும் வேண்டும். அவை வரும்வரை காத்திருக்கும் நாள்களிலும் ஒருவர் தம் கைக்குள் வைத்திருக்கக்கூடியவை அவருடைய பழக்கங்களே. கணக்குத் தெளிவாக உள்ளவருக்கே கடன் கேட்கும்போது நா தழுதழுப்பதில்லை. ஆட்கள் நம்பும் ஒருவரைச் சுற்றியே கூட்டு முயற்சிகளும் உருவாகின்றன.

நம் மாணவருள் பலர் சிறு கடையோ தொழிலோ நடத்தும் வீடுகளிலிருந்து வருகின்றனர். படித்து முடித்தபின் தந்தையின் தொழிலை ஏற்க நாணுவோரும் உளர். அவர்களுக்கு நாம் கூறுவது இதுதான்: தொழில் சிறிதாயினும் அதனை நம்பி நிற்கும் அடுப்புகள் பல. அவற்றையும் தம் பொறுப்பாக எண்ணும் நாளில் ஒருவர் தலைவராகிறார். இன்றிரவு வீட்டிற்குச் சென்றதும் தந்தையின் கணக்கேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஏடு இல்லையெனில் நீங்களே ஒன்றைத் தொடங்குங்கள். உமணன் சேம அச்சைக் கட்டியது வண்டி புறப்படும் முன்னர். பள்ளத்தில் இறங்கிய பின்னர் அன்று.