அப்பா அம்மாவுக்கு அப்புறம் யார்?

ஆட்டிசம் என்று பேச்சை எடுத்தாலே எல்லோர் மனதிலும் வருவது ஒரு சின்னக் குழந்தைதான். ஏப்ரல் 2 வந்தால் ஒட்டுகிற போஸ்டரில் குழந்தை, டாக்டர் பேட்டியில் குழந்தை. அந்தக் குழந்தைக்கு ஒருநாள் நாற்பது வயது ஆகும், அப்போது அப்பாவுக்கு எழுபது தாண்டியிருக்கும் என்கிற சாதாரணக் கூட்டல் கணக்கை வெளியாட்கள் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. அந்த வீட்டுக்காரர்கள் தினமும் ராத்திரி படுக்கும்போது போடுகிறார்கள்.

இந்தக் கணக்குக்கு விடை கண்ட ஒரு குடும்பம் உண்டு. அமெரிக்காவில் மிஸிஸிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1933ல் பிறந்தவர் டொனால்ட் டிரிப்லெட். 1943ல் லியோ கேனர் என்ற டாக்டர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மருத்துவ உலகம் ஆட்டிசத்தைத் தனியாக அடையாளம் கண்டுகொண்டது அந்தக் கட்டுரையால்தான். அதில் முதல் கேஸ் டொனால்ட்.

நாலு வயது முடிவதற்குள், டாக்டர்கள் பேச்சைக் கேட்டுப் பையனை ஒரு காப்பகத்தில் விட்டார்கள். அந்தக் காலத்து வழக்கம் அது. ஆனால் ஒரு வருடம் போல ஆனதும், 1938ல், நிர்வாகி தடுத்தும் கேட்காமல் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். அப்பா வக்கீல். மகனைப் பற்றி 33 பக்கம் டைப் அடித்துக் கேனருக்கு அனுப்பியவர்!

அப்புறம் பக்கத்தில் ஒரு விவசாயத் தம்பதியிடம் சில வருடம் வளர்ந்தான் டொனால்ட். கேனர் அங்கே போய்ப் பார்த்து எழுதியிருப்பது அருமையான விஷயம். பையனுக்கு எதையும் அளந்து பார்க்கிற பித்து. சரி, ஒரு கிணறு தோண்டி எத்தனை ஆழம் என்று அளந்து சொல் என்றார்கள். சோள வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே இருப்பான். உழுதுகொண்டே எண்ணு என்றார்கள். பி.எச்டி. படிக்காத இரண்டு பேர் செய்த தெரபி!

1958ல் டிகிரி வாங்கினார். அம்மாவின் குடும்பத்துக்குச் சொந்தமான பேங்கில் வேலை. கோல்ஃப் ஆடினார், கார் ஓட்டக் கற்றார், தனியாகவே இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சுற்றி வந்தார். 1980ல் அப்பா போனார், 1985ல் அம்மா. அதற்கு அப்புறமும் அதே வீட்டில், அதே ஊரில் வாழ்ந்து 2023ல் 89 வயதில் இறந்தார்.

இதைப் படிப்பவர்கள் "என்ன ஒரு அதிசய மனிதர்!" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதிசயம் ஒரு பக்கம் இருக்கட்டும், பாலன்ஸ் ஷீட்டைப் பாருங்கள். சொந்த வீடு. யாரும் வேலையை விட்டுத் தூக்க முடியாத பேங்க். மாதச் செலவைக் கவனித்துக்கொள்ளக் குடும்பம் ஏற்படுத்தி வைத்த டிரஸ்ட். கண்காணிக்க ஒரு தம்பி. போதாக்குறைக்கு ஒரு ஊரே காவல். 2010ல் அட்லாண்டிக் பத்திரிகைக்காக இரண்டு பேர் அவரைத் தேடிப் போனபோது, அவர் மனசு நோகும்படி எதாவது செய்தால் சும்மா விடமாட்டோம் என்று ஊர்க்காரர்கள் மிரட்டியே அனுப்பினார்களாம்.

அந்த 11 பேரும் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று கேனரே 1971ல் தேடிப் பார்த்தார். அரசுக் காப்பகங்களில் விடப்பட்டவர்கள் அங்கேயே மங்கிப் போயிருந்தார்கள். அதே ஃபாரஸ்டில் ஒரு ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் டொனால்ட் பிறந்திருந்தால் கேனரின் வாசல் வரைக்குமாவது போயிருப்பாரா என்பது சந்தேகம்தான். பணம் பெரிய காரணம், மறுப்பதற்கில்லை. ஆனால் பணத்தோடு இன்னொன்றும் இருந்தது: பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஏற்பாடு செய்து எழுதி வைத்த பழக்கம்.

நம் ஊர் வீடுகளில் இல்லாதது அதுதான். இங்கே இருக்கிற ஒரே திட்டம் "தங்கச்சி பார்த்துப்பா". இதை அந்தத் தங்கச்சியிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவளுக்கு வரன் பார்க்கும்போது அண்ணனைப் பற்றிப் பாதியை மறைப்பதும், கல்யாணம் ஆன பிறகு அவன் பொறுப்பு முழுவதையும் அவள் தலையில் இறக்குவதும் ஒரே வீட்டில்தான் நடக்கும். புகுந்த வீட்டில் அவள் என்ன சொல்லிச் சமாளிப்பாள்?

சட்டம் ஓரளவு வழி வைத்திருக்கிறது. 18 முடிந்தால் ஆட்டிசம் உள்ளவரும் மேஜர். அப்பா அம்மா தானாகக் கார்டியன் ஆகிவிட முடியாது. தேவைப்பட்டால் 1999ம் வருட நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, கலெக்டர் இருக்கிற உள்ளூர்க் கமிட்டியிடம் மனு போட்டு வாங்க வேண்டும். (எல்லோருக்கும் தேவைப்படாது. தானே முடிவெடுக்கத் தெரிந்தவருக்குக் கார்டியனைப் போடுவது அநியாயம்.) ஆனால் பேங்க் கவுண்டரில் சர்டிஃபிகேட் எங்கே என்று கேட்கும்போதுதான் பல பேருக்கு இந்த விஷயமே தெரிய வருகிறது.

வரிச் சட்டம் அடித்த கூத்து இன்னொன்று. 1961ம் வருட வருமான வரிச் சட்டத்தில் 80டிடி என்று ஒரு பிரிவு இருந்தது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்காக இன்சூரன்ஸ் திட்டத்தில் பணம் கட்டினால் வருமானத்தில் கழிவு உண்டு. நிபந்தனை என்ன தெரியுமா? கட்டியவர் செத்த பிறகுதான் பிள்ளைக்குப் பணம் வரவேண்டும்! ரிட்டயர் ஆகிச் சம்பளம் நின்றுபோன அப்பா, பிள்ளைக்காகச் சேர்த்த பணத்தை பிள்ளைக்காகவே தொட முடியாது. 2019ல் இது சுப்ரீம் கோர்ட் வரை போனது. நீதிமன்றம் தானாக மாற்ற மறுத்து, அரசாங்கமே யோசிக்கட்டும் என்றது. 2022 பட்ஜெட்டில்தான், கட்டுகிறவருக்கு 60 வயதானால் அவர் இருக்கும்போதே பணம் வரலாம் என்று திருத்தினார்கள். ஒரு அப்பாவுக்கு வயதாகும் என்பது சட்டத்துக்குப் புரிய அத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

கூலி வேலை செய்கிற குடும்பத்துக்கு இந்தக் கழிவால் பத்து பைசா பிரயோஜனம் கிடையாது. அவர்கள் பிள்ளைக்குக் கடைசி வரை தங்க ஒரு இடம் என்பது அரசாங்கத்தின் வேலை, தயவு அல்ல. ஆனால் ஒரு வீடோ, கொஞ்சம் நிலமோ, பி.எஃப். பணமோ வைத்திருக்கிறவர்கள் சும்மா இருப்பதற்கு என்ன சாக்கு? பி.காம். பசங்க மனப்பாடம் பண்ணி எழுதுகிற 1882ம் வருட இந்திய டிரஸ்ட் சட்டம் இதற்கும் உதவும். அப்பா செட்லர், அண்ணன் பெனிஃபிஷியரி. டிரஸ்டியாகத் தங்கச்சியோடு வெளியாள் ஒருவரையும், தெரிந்த ஆடிட்டராக இருந்தால் நல்லது, சேர்த்துப் போடலாம். அவர் ஃபீஸ் வாங்கினால் வாங்கிவிட்டுப் போகட்டும். வருடா வருடம் கணக்கை அவர் எழுதினால், தங்கச்சி அண்ணனைப் பார்க்க வரும்போது வெறும் தங்கச்சியாக வரலாம்.