தண்டனை விலக்கு போதாது, விசா கொடுங்கள்

எண்ணூரில் ஒரு பர்மா நகர் இருக்கிறது. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார். வியாசர்பாடியில் மாலையானால் பர்மிய உணவான அத்தோ விற்கும் கடைகளில் கூட்டம் நிற்கிறது. 1962-ல் பர்மாவில் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்து, 1964-ல் கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கியதும், இருந்ததைப் பறிகொடுத்துச் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக வந்திறங்கியவர்கள் உண்டாக்கிய வாழ்வு இது. கையில் காசு இல்லாவிட்டாலும் தாயகம் திரும்பியோர் என்ற அங்கீகாரம் அவர்களுக்கு இருந்தது. அதைக் கொண்டு கடன் வாங்கினார்கள், கடை போட்டார்கள், வாக்களித்தார்கள்.

இதே வட்டாரத்தில் புழலிலும், சற்று வடக்கே கும்மிடிப்பூண்டியிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. 1983 ஜூலை இனப்படுகொலைக்குப் பின் அலை அலையாக வந்தவர்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு சட்டமன்றத்தில் தந்த கணக்கின்படி, 108 முகாம்களில் 58,822 பேர். காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வெளியே வசிப்போர் 34,087 பேர். பெயின்ட் அடித்தும் கட்டட வேலை செய்தும் பிழைக்கும் இவர்களுக்கு அந்த அங்கீகாரம் இன்றுவரை இல்லை.

படகில் வந்தவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். சுற்றுலா விசா எடுத்து முறையாக விமானத்தில் வந்தவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு. விசா முடிந்தது, ஊரில் போர் முடியவில்லை. அகதியாகப் பதிந்துகொண்டு தங்கிவிட்டார்கள். குடியுரிமைச் சட்டத்தின் கண்ணில் இவர்களும் படகில் வந்தவர்களும் ஒன்றுதான். செல்லத்தக்க ஆவணத்துடன் நுழைந்தாலும், அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கினால் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்கிறது அதன் 2(1)(பி) பிரிவு. அப்படி முத்திரை விழுந்தவர் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது.

முத்திரை அவரோடு நிற்பதுமில்லை. முகாம் பெண் ஒருவர் திருவொற்றியூர்க்காரர் ஒருவரை மணக்கிறார் என்று வையுங்கள். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தையின் பெற்றோரில் ஒருவர் இந்தியர், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி என்றால், அந்தக் குழந்தை பிறப்பால் இந்தியர் ஆகாது. அப்பா வாக்காளர், தாத்தா வாக்காளர், பிள்ளை அந்நியன்! இதை எந்த நியாயத்தில் ஏற்பது?

2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தோடு மத்திய அரசு ஒரு விலக்கு ஆணையும் வெளியிட்டது. 2015 ஜனவரி 9 வரை அடைக்கலம் புகுந்து, பதிவும் செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக நடவடிக்கை வராது. விசா கடந்து தங்கினால் மூன்றாண்டுச் சிறை, மூன்று லட்சம் ரூபாய் அபராதம் வரை போகும் சட்டத்தில் இது பெரிய ஆறுதல்தான், வரவேற்கிறோம். ஆனால் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற வரையறையை அந்த ஆணை தொடவில்லை. சிறைக்குப் போகாமல் இருக்கலாம், குடிமகனாக முடியாது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு சமயத்தாருக்கு அதே ஆணை 2024 டிசம்பர் 31 வரை காலம் தருகிறது. 2022-ன் பொருளாதார நெருக்கடியில் மன்னாரிலிருந்து தனுஷ்கோடி வந்து சேர்ந்த குடும்பங்களோ கணக்கிலேயே வரவில்லை.

போர் 2009-லேயே முடிந்துவிட்டதே, திரும்பிப் போகலாமே என்பவர்கள் உண்டு. போக விரும்புவோர் தாராளமாகப் போகட்டும். அவர்களுக்கு வெளியேறும் அனுமதியைத் தாமதமின்றியும் அபராதமின்றியும் கொடுக்க வேண்டும். புழலில் பிறந்து புழலில் படித்தவர் எந்த ஊருக்குத் ‘திரும்புவது’? பாதுகாப்பைக் காரணம் காட்டுவதும் பொருந்தாது. கியூ பிரிவு போலீசாரின் கண்காணிப்பிலேயே பல்லாண்டு வாழ்ந்துவரும் இவர்களைப் போல அரசு அறிந்துவைத்திருக்கும் மக்கள் வேறு யார்?

பதிவு பெற்ற ஒவ்வொருவருக்கும், விசா காலாவதியானவர்களையும் சேர்த்து, நீண்டகால விசா வழங்க உள்துறை அமைச்சகம் முன்வர வேண்டும். வெளிநாட்டினர் பதிவு அலுவலகம் இருக்கும் சாஸ்திரி பவனுக்கு அவர்களை அலையவிடாமல் முகாம்களிலேயே விண்ணப்பம் வாங்க வேண்டும். அதோடு, 2(1)(பி) பிரிவிலிருந்து இவர்களை விலக்கும் திருத்தத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவர வேண்டும். தமிழகத்தின் அத்தனை கட்சி உறுப்பினர்களும் ஒரே குரலில் அதைக் கேட்க வேண்டும். முதல் குரல் வட சென்னை, திருவள்ளூர் உறுப்பினர்களுடையதாக இருக்கட்டும்.