பழுது பார்ப்பதா? புதிது வாங்குவதா?

இல்லத்தில் ஓர் எந்திரம் ஓசை மாறி ஒலிக்கத் தொடங்கிவிட்டால், அன்றே அவ்வில்லத்தில் ஒரு பட்டிமன்றமும் தொடங்கிவிடுகிறது. 'இனி இதற்குச் செலவழிப்பது வீண். புதிதாக வாங்கிவிடலாம்' என்பது ஓர் அணி. 'இத்தனை ஆண்டு உழைத்ததை ஓர் ஓசைக்காகவா ஒதுக்குவது?' என்பது மற்றோர் அணி. இரண்டாண்டுகளுக்கு முன் நம் இல்லத்துச் சலவை எந்திரம் இத்தகைய பட்டிமன்றத்திற்குப் பொருளாயிற்று. வாஷிங் மெஷின் என்றே எல்லார் வாயிலும் வழங்கும் அப்பொறி, பதினோர் ஆண்டு உழைத்த பின், துணியைப் பிழியும் வேளையில் லாரி மேடேறுவது போல உறுமலாயிற்று. நடுவர் பொறுப்பு நம்மை வந்தடைந்தது.

தீர்ப்புக்கு முன் எண்ணியவற்றையும் தீர்ப்புக்குப் பின் கற்றவற்றையும் இம்மலரின் வழியே மாணவச் செல்வங்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் சமுதாயப் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறோம். துணி துவைக்கும் பொறியைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் என்ன பேச்சு என்று யாரும் எண்ண வேண்டா. இல்லத்துப் பெண்டிரின் உழைப்பு, குடும்பத்தின் வரவு செலவு, மண்ணின் தூய்மை, மார்க்கம் காட்டும் நடுநெறி ஆகிய நான்கும் இவ்வொரு வினாவில் ஒருங்கே நிற்கின்றன.

துவைகல் தந்த துன்பம்

ஆடை வெளுக்கும் உழைப்பு நெடுங்காலமாகப் பெண்ணின் தோளிலேயே பெரிதும் சுமத்தப்பட்டு வந்துள்ளது. உவர்நிலத்துக் கிணற்று நீரில் அன்றாடம் துணி வெளுக்கும் பெண்ணொருத்தி புறநானூற்றின் 311-ஆம் பாடலில் வருகிறாள். அவளுடைய காலத்திற்கும் கிணற்றடித் துவைகல்லில் போர்வையை அடித்துத் துவைத்த நம் பாட்டியரின் காலத்திற்கும் இடையே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் கழிந்தன. எனினும் குனிந்த முதுகு நிமிர்ந்தபாடில்லை.

சுவீடன் நாட்டு மருத்துவப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2010-ஆம் ஆண்டில் ஆற்றிய உரையொன்றில், தம் இளமைக்காலத்தில் இல்லத்திற்கு முதன்முதலாகச் சலவை எந்திரம் வந்த நாளை நினைவுகூர்ந்தார். வாழ்நாளெல்லாம் கையால் துவைத்த பாட்டியார் அப்பொறி சுழல்வதை வியந்து பார்த்துக்கொண்டிருந்தார். துவைக்கும் வேலை நீங்கியதால் கிடைத்த நேரத்தில் தாயார் தம் மகனை நூலகத்திற்கு அழைத்துச் சென்றார். ஓர் எந்திரம் ஒரு குடும்பத்திற்கு நூல்களைக் கொண்டுவந்து சேர்த்தது என்பதே அப்பேராசிரியர் உணர்த்திய உண்மை.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க முதற்பாடம் ஒன்று உண்டு. எந்திரம் நின்றுவிட்டால் மீண்டும் வாளியின் முன் குனிபவர் யாரோ, அவருடைய கருத்தையே முதலில் கேட்க வேண்டும். பணப்பையை வைத்திருப்பவர், 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார். அந்த ஒரு மாதத்தை வேறொருவருடைய முதுகெலும்பு சுமக்கிறது. நம் இல்லத்திலும் மூன்று வாரங்கள் அவ்வாறே கழிந்தன என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

நோயறிந்து மருந்து

எந்திரத்தின் பழுதுகளை மூவகையாகப் பகுத்துக் காணலாம். முதல்வகை, தடுமன் போன்ற சிறு நோய். சட்டைப் பையில் மறந்த நாணயமோ கொண்டையூசியோ பொத்தானோ நீரை வெளியேற்றும் பம்பில் சிக்கிக்கொள்ளும். குழாயிலிருந்து வரும் மணல் நுழைவாயிலின் சல்லடையை அடைத்துவிடும். பெல்ட் தளர்ந்துவிடும்; கெபாசிட்டர் வலுவிழந்துவிடும். கதவின் ரப்பர் வளையம் கிழிந்து நீர் கசியும். இவற்றுக்காக எந்திரத்தையே மாற்றுவது, கால் முள்ளுக்குக் காலையே களைவதற்கு ஒப்பாகும்.

இரண்டாம் வகை, மருத்துவம் தேவைப்படும் நடுத்தர நோய். நீரைச் சூடாக்கும் சுருளில் உப்பு படிந்து அது கெட்டுப்போதல், அதிர்வைத் தாங்கும் தண்டுகள் தேய்தல், மோட்டார் பழுதடைதல் போன்றவை இதில் அடங்கும். உப்பு நீர் வழங்கும் ஊர்களில் சூடாக்கும் சுருளின் நோய் மிகுதி. சிட்ரிக் அமிலத் தூளை இட்டு, துணியின்றி வெந்நீரில் எந்திரத்தை அவ்வப்போது ஓட்டினால் படிந்த உப்பு கரையும். இதைத் தயாரிப்பாளர் தரும் கையேட்டின்படி செய்தல் நலம்.

மூன்றாம் வகையே பெருநோய். டிரம்மைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் தேய்தல், டிரம்மின் பின்புறத் தாங்கி முறிதல், வெளித்தொட்டி வெடித்தல், மின்னணுப் பலகை எரிதல் ஆகியன இவ்வகையைச் சாரும். நோய் எவ்வகை என்று அறியுமுன் தீர்ப்புக் கூறுவது முறையன்று.

ஒரே நோய், இருவேறு முடிவு

நம் இல்லத்திற்கு முதலில் வந்த சேவை ஊழியர் எந்திரத்தைத் திறந்தும் பாராமல், 'உதிரிப் பாகம் வராது. பழையதைக் கொடுத்துப் புதிதை வாங்கிக்கொள்ளுங்கள்' என்று ஐந்தே நிமிடங்களில் கூறிச் சென்றார். மனம் ஒப்பாமல், தெருமுனையில் கடை வைத்திருக்கும் பழுது நீக்கும் தோழர் ஒருவரை அழைத்தோம். அவர் பின்பலகையைக் கழற்றி, தொட்டியின் நடுவே வழிந்திருந்த துருக்கறையைச் சுட்டிக் காட்டினார். நீரைத் தடுக்கும் ரப்பர் சீல் தேய்ந்து, பேரிங்கில் நீர் இறங்கித் துருவேறியதே உறுமலுக்குக் காரணம் என விளக்கினார். தொட்டியின் இரு பாதிகளும் திருகாணிகளால் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவற்றைப் பிரித்துப் பேரிங்கையும் சீலையும் மாற்றினார். செலவு 4,500 ரூபாய். அதே அளவுடைய புதிய எந்திரத்தின் விலை அன்று 28,000 ரூபாய். பழைய எந்திரம் இன்றும் ஓசையின்றி ஓடுகிறது.

அதே ஆண்டில் நம் உறவினர் இல்லத்து எந்திரத்திற்கும் அதே நோய் வந்தது. அதன் வயதோ ஆறுதான். அதே தோழரே சென்று பார்த்தார். ஆனால் அவ்வெந்திரத்தின் தொட்டி திருகாணியால் இணைக்கப்பட்டதன்று, உருக்கி ஒட்டப்பட்டது. சிறியதொரு பேரிங்குக்காகத் தொட்டி முழுவதையும் மாற்ற வேண்டும். அதற்கான செலவு புதிய எந்திரத்தின் விலையில் பாதியைத் தாண்டிற்று. இளைய எந்திரம் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. முதிய எந்திரம் பணியில் நிலைத்தது.

இவ்விரண்டையும் ஒப்பிட்டபோதுதான் ஓர் உண்மை விளங்கிற்று. நம் கூடத்தில் நிகழ்வதாக நாம் எண்ணும் பட்டிமன்றத்தின் தீர்ப்பு, பல வேளைகளில், ஆண்டுகளுக்கு முன்பே தொழிற்சாலையில் எழுதப்பட்டுவிடுகிறது. திருகாணி இட்டவர் நமக்கு உரிமையை வழங்கினார். உருக்கி ஒட்டியவர் அதைப் பறித்துக்கொண்டார்.

இவ்வுரிமையைச் சட்டத்தால் மீட்க உலகம் முயன்று வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு வகைச் சலவை எந்திரத்தின் கடைசிப் பொறி சந்தைக்கு வந்த பின்னும் பத்தாண்டுகளுக்கு முக்கிய உதிரிப் பாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது விதி. பிரான்சு நாடு 2021 சனவரியில், எந்திரத்தைப் பழுது நீக்குவது எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு விற்கும் முறையைத் தொடங்கியது. நம் இந்திய அரசின் நுகர்வோர் நலத்துறையும் 2022 சூலையில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்து, அவ்வாண்டு திசம்பர் 24-ஆம் நாள் அதற்கான இணையவாயிலைத் தொடங்கியது. சட்டம் முழுமை பெறும் நாள்வரை, 'தொட்டியைப் பிரிக்க இயலுமா? உதிரிப் பாகம் எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும்?' என்னும் இரு வினாக்களையும் வாங்கும்போதே கேட்டு வைப்பது அறிவுடைமை.

ஆண்டுக்கு என்ன விலை?

பழுதுச் செலவு புதிய விலையில் பாதியைத் தாண்டினால் புதிதே வாங்குக என்பது பலரும் கூறும் பொதுவிதி. அதனினும் தெளிவான கணக்கு ஒன்றுண்டு. 28,000 ரூபாய் எந்திரம் பத்தாண்டு உழைக்கும் என்று கொண்டால், ஆண்டுக்கு 2,800 ரூபாய் ஆகிறது. 4,500 ரூபாய்ப் பழுதுநீக்கம் மூன்றாண்டு ஆயுள் தருமாயின் ஆண்டுக்கு 1,500 ரூபாய்தான். அதுவே 9,000 ரூபாய் செலவிட்டு ஓராண்டு மட்டுமே ஓடுமாயின், அது சிக்கனம் என்னும் பெயரில் வரும் நட்டமே. எனவே, 'எவ்வளவு செலவு?' என்பதோடு, 'எத்தனை ஆண்டுக்கு?' என்றும் கேட்டல் வேண்டும்.

புதிய எந்திரம் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்பர். சலவையில் மின்சாரத்தைப் பெரிதும் உண்பது நீரைச் சூடாக்கும் வேலையே. ஆகவே வெந்நீரில் துவைக்கும் குளிர்நாட்டார்க்கு அவ்வாதம் மிகப் பொருந்தும். குழாய் நீரிலேயே துவைக்கும் நமக்கு அதன் வலு குறைவு. ஆனால் நீரின் கணக்கு வேறு. முன்புறம் கதவுடைய எந்திரம் மேற்புறம் திறக்கும் எந்திரத்தைவிட மிகக் குறைந்த நீரே கொள்ளும். 2019-இல் ஏரிகள் வறண்டு சென்னை மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்ததை மறந்தவர் யார்? நீரை விலைக்கு வாங்கும் இல்லத்தார் இதனையும் கணக்கில் சேர்த்தல் தகும்.

விரயமும் கருமித்தனமும்

தம் காலணியைத் தாமே செப்பனிட்டுக்கொள்வதும் கிழிந்த ஆடையைத் தாமே தைத்துக்கொள்வதும் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழக்கமாக இருந்தன என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். பழுது பார்த்தல் வறியவனின் இழிவு என்று கருதுவோர் இதனைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளனர்.

இன்று பல இல்லங்களில் எந்திரம் மாறுவதற்குக் காரணம் பழுதன்று, பிறர் பார்வையே. இதனினும் கொடியது சீர்வரிசைப் பழக்கம். மணமகன் இல்லத்தில் நன்றாக ஓடும் எந்திரம் ஒன்று இருக்க, மணமகளின் தந்தை கடன்பட்டு மற்றொன்றை வாங்கி அனுப்புகிறார். மஹர் கொடுத்து மணம் முடிக்கப் பணிக்கப்பட்ட சமுதாயம், எந்திரம் கேட்டு மணம் முடிப்பது எவ்வகையில் நியாயம்? ஒரு தந்தையின் கடனில் சுழலும் எந்திரத்தில் எந்த அழுக்கு நீங்கும்?

அதே வேளையில், பழையதைக் கட்டி அழுவதும் நெறியன்று. செலவிடுங்கால் விரயமும் கருமித்தனமும் இன்றி நடுநிலையில் நிற்போரையே திருக்குர்ஆன் நல்லடியார்களின் வரிசையில் வைத்துப் பேசுகிறது. தொட்டால் மின்சாரம் தாக்கும் எந்திரத்தை உடனே நிறுத்துதல் வேண்டும். மின்கசிவு நீக்கப்படும்வரை அதைத் தொடலாகாது. நீக்க இயலாதாயின் அதற்கு விடை கொடுப்பதே கடமை. ஆண்டுக்கு மும்முறை பழுதாகி இல்லத்தரசியை வாளியின் முன் அமர்த்தும் எந்திரத்தை மாற்றுவதும் விரயமாகாது. பணத்தைக் காத்து மனிதரை வருத்துவது சிக்கனம் ஆகாது.

நாம் செய்யத்தக்கவை

விடை பெற்ற எந்திரத்தை எங்கே அனுப்புகிறோம் என்பதும் நம் பொறுப்பே. தாமிரத்தைப் பிரிக்க மின்கம்பிகளை எரிப்போர் உளர். அந்நச்சுப்புகை யாரோ ஓர் ஏழைக் குழந்தையின் மார்பில் சேர்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள் சலவை எந்திரத்தையும் உள்ளடக்கி, மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே முறை. தருமமாகக் கொடுப்பதாயின், பழுது நீக்கிக் கொடுப்போம். நாமே ஏற்க விரும்பாததைப் பிறர்க்கு ஈவது ஈகையன்று.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு நாள், கல்லூரி வளாகத்தில் பழுதுநீக்கும் முகாம் ஒன்றை நடத்தலாம். நம் தெருக்களில் திறன்மிகு பழுதுநீக்குவோர் பலர் பெயரின்றி வாழ்கின்றனர். அவர்களை மேடையேற்றி மாணவர்க்குக் கற்பிக்கச் செய்யலாம். ஜமாஅத்துகள் அவர்தம் பட்டியலைத் தொகுத்து இல்லந்தோறும் வழங்கலாம். நம் எந்திரத்தை மீட்ட அத்தோழர் எந்தக் கல்லூரியிலும் பயின்றவரல்லர். ஆயினும், திறந்து பார்த்த பின்னரே தீர்ப்புக் கூற வேண்டும் என்னும் பாடத்தை அவரிடமே நாம் கற்றோம். எந்திரத்திற்கு மட்டுமன்றி, மனிதர்க்கும் பொருந்தும் பாடமல்லவா அது?

திறந்து பார்ப்போம், கணக்கிட்டுத் தெளிவோம், உழைப்பவரின் நலம் கருதி முடிவெடுப்போமாக!